தக்கவைப்புக் குழு அமைப்பாளர்

உட்காருங்க தம்பி, பெஞ்சு காலியாத்தான் இருக்கு. அம்மாவ உள்ள விட்டுட்டு வாறியளாக்கும்? பாத்தேன், கையப் பிடிச்சு மாடிப்படி ஏத்தி விட்டீங்க. ஆறு மணிக்கு முடியும்னு சொன்னாங்களா? நம்பாதீங்க. ஆவியானவர் கைக்கடிகாரம் கட்டுறதில்லையாம், அந்தப் பாஸ்டர் சொல்லுவார். டீ சொல்லுங்க. இங்க இருந்தே பிரசங்கம் முழுசாக் கேக்கும். ஸ்பீக்கர நம்ம பக்கம் திருப்பித்தான வச்சிருக்காங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுதேன். நான் இந்தச் சபை ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை தவறாம இங்க உட்கார்ந்திருக்கேன்னு யாரும் தப்பா நினைச்சிரக் கூடாது. அந்தா, பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு, உச்சியில சிலுவை தெரியுது பாருங்க, அதுதான் எங்க கோயில். நூத்தி முப்பது வருஷக் கோயில். அஸ்திவாரக் கல்லுல வெள்ளைக்காரத் துரை பேரு இருக்கு. இங்க என்ன இருக்கு? கீழ டயர் கடை, மேல சபை. கீழ பஞ்சர் ஒட்டுதான், மேல ஆத்துமாவ ஒட்டுதாங்க.

என் பேர் ஞானாபரணம். தாலுகா ஆபீஸ்ல முப்பத்துநாலு வருஷம் வேலை பாத்து ரிடையர் ஆனவன். கோயில் கமிட்டிக்குப் பதினெட்டு வருஷமா நான்தான் செயலாளர். போன ஜனவரியில இருந்து கூடுதலா ஒரு பொறுப்பும் குடுத்தாங்க. சபை மக்கள் தக்கவைப்புக் குழு அமைப்பாளர். சிரிக்காதீங்க தம்பி. மேலிடத்துல இருந்து வந்த சுற்றறிக்கையில அந்தப் பேர்தான் போட்டிருந்துச்சு. 'பாரம்பரியச் சபைகளில் அங்கத்தினர் எண்ணிக்கை குறைந்து வருவது கவலை அளிக்கிறது, காரணம் கண்டறிந்து தக்கவைக்க வழி செய்யவும்.' எங்க கோயில்ல இருநூத்திப் பன்னிரண்டு குடும்பம் இருந்தது, நூத்தி அம்பத்தெட்டு ஆயிருந்துச்சு. அப்போ சொல்லுதேன். இப்போ உள்ளத அப்புறம் சொல்லுதேன்.

கமிட்டியில இதப் பேச எடுத்ததும் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் ஏசி போடணும்னார். ஒருத்தர் பெரிய திரை கட்டி அதுல பாட்டு வரியக் காட்டணும்னார். மாசிலாமணின்னு ஒருத்தர், என்னோட வலது கை மாதிரி, அவர் அசனத்துல கறித் துண்டு கூடுதலா வைக்கணும்னார். அசனம்னா பண்டிகைக்குச் சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடுற பொதுச் சாப்பாடு. ஆண்டவரே அப்பமும் மீனும் குடுத்துத்தான கூட்டம் சேத்தார்னு வேதத்த வேற இழுத்தார்.

எங்க ஐயருக்கு, போதகர எங்க ஊர்ல ஐயர்னுதான் சொல்லுவோம், முப்பத்தாறு வயசு. ஜோயல்னு பேரு. பைக்ல வாறவர். அங்கியத் தோள்ல போட்டுக்கிட்டு பைக்ல வந்தா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க. அவர் சொன்னார், "போனவங்க வீட்டுக்குப் போங்கய்யா. ஏன் போனீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்லுறதக் கேட்டுக்கிட்டு வந்தா மட்டும் போதும். பதில் சொல்ல வேண்டாம்."

பதில் சொல்ல வேண்டாமாம். முப்பத்துநாலு வருஷம் மனுவுக்குப் பதில் எழுதியே வாழ்ந்தவன்கிட்ட சொல்லுதார்.

சரி, போனேன். நான்தான் போனேன், வேற யாரும் வரல. மாசிலாமணிக்கு அன்னைக்குப் பாத்து வயித்துவலி.

முதல்ல பாக்கியசீலி டீச்சர் வீடு. இந்தச் சபைக்கு வாற அம்மாதான். உங்க அம்மா பக்கத்துலதான் இப்ப உட்கார்ந்திருப்பாங்க, ஒல்லியா, கண்ணாடி போட்டவங்க. எங்க கோயில்ல இருபது வருஷம் பாடகர் குழுவுல இருந்தவங்க. காப்பி எல்லாம் குடுத்தாங்க, குறை சொல்லக் கூடாது. "ஏன் டீச்சர் போனீங்க?"ன்னு நேராவே கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாங்கல்லா சார், யாரும் எட்டிப் பாக்கல."

எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. "என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதிய? ஜெபக் குறிப்புல ஏழாவது நம்பர். எட்டு வாரம் வாசிச்சிருக்கோம். நானே எழுதிக் குடுத்தேன்"னேன்.

"வாசிச்சீங்க சார். அவங்க இறந்து அடக்கம் பண்ணி ரெண்டு வாரம் ஆன பிறகும் 'சுகத்துக்காக'ன்னு வாசிச்சீங்க."

பட்டியல் மாத்தக் கொஞ்சம் தாமதம் ஆயிருக்கும். ஆபீஸ்னா அப்படித்தான். அந்தம்மா சொல்லுதாங்க, இந்த மாடிச் சபைக்காரங்க மூணு வாரம் தினமும் கஞ்சி கொண்டுவந்து குடுத்தாங்களாம். காலிப் பாத்திரம் வாங்க வரும்போது பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிட்டுப் போவாங்களாம். ஜெபம்கூட அப்படி ஒண்ணும் பெருசா இல்லையாம், அந்தப் பத்து நிமிஷம்தானாம்.

நோட்டுல எழுதிக்கிட்டேன். காரணம்: கஞ்சி.

அடுத்து ரூபன்னு ஒரு பையன், செல்போன் கடை வச்சிருக்கான். எங்க கோயில்ல கீபோர்டு வாசிச்சவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால வாலிபர் ஞாயிறு அன்னைக்கு ஒரு ஞானப்பாட்ட வேகமா எடுத்துட்டான். நூறு வருஷமா ஒரே இழுவையாப் பாடுற பாட்டு. பின்னால நின்ன பிள்ளைங்க கை தட்டிட்டாங்க. ஒரு கிழவி கால் தாளம் போட்டத என் கண்ணால பாத்தேன். நான் எழுந்திரிச்சுப் போயி மெயின் சுவிட்ச அணைச்சிட்டேன். சத்தம் போடல, திட்டல, ஒரு வார்த்தை பேசல. அணைச்சதோட சரி. ஒழுங்கு முக்கியம்லா தம்பி?

"சார், முந்நூறு பேருக்கு முன்னால"ன்னான் ரூபன். "எங்க அம்மா பாட்டுப் புஸ்தகத்தால முகத்த மூடிக்கிட்டாங்க."

"உன்ன யாரும் போகச் சொல்லலையே"ன்னேன்.

"இருன்னும் சொல்லலையே சார்."

காரணம்: இசை ஆர்வம்.

பிறகு வெளியூர்ல இருந்து மாத்தலாகி வந்த ஒரு குடும்பம். ஒரே ஒரு ஞாயிறு வந்தாங்க, மறுவாரம் காணும். வந்த அன்னைக்கு மூணாவது பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. அது எங்க குடும்பத்துப் பெஞ்சு, எங்க தாத்தா காலத்துல இருந்து. அவங்களுக்குத் தெரியாது பாவம். நான்தான் பக்குவமாச் சொல்லி, தூணுக்குப் பின்னால நல்ல காத்து வாற இடமாப் பாத்து உட்கார வச்சேன். வேற யாரா இருந்தாலும் நில்லுன்னு விட்டிருப்பான். நான் ஃபேன் போட்டுக் குடுத்தேன். காரணம்: இடமாற்றம்னு எழுதினேன்.

கீழத்தெருவுலதான் கூட்டமாப் போனது. இருபது குடும்பம். ரெண்டு தலைமுறையா எங்க கோயில்ல கடைசி ஆறு பெஞ்சுல உட்கார்ந்தவங்க. போயி உட்கார்ந்தா ஒரு பெரியவர் சொல்லுதார், "எங்கள ஒருநாளும் அசனக் கமிட்டில சேக்கலியே சார். விறகு கொண்டாரச் சொன்னீங்க, இலை எடுக்கச் சொன்னீங்க, கரண்டிய மட்டும் குடுக்கல." எனக்கு ஆச்சரியமாப் போச்சு. அவங்கள சேக்கக் கூடாதுன்னு எங்க கோயில்ல யாரும் தீர்மானம் போட்டது கிடையாது. நூறு வருஷத்து நடவடிக்கைப் புஸ்தகமும் என் பீரோவுலதான் இருக்கு, அன்னைக்கு ராத்திரியே புரட்டிப் பாத்தேன், அப்படி ஒரு வரி கிடையாது. சேக்கணும்னும் ஒரு வரி கிடையாது, அது வேற விஷயம். ஆக என்ன காரணம்னு எனக்குப் பிடிபடல. காரணம்: தெரியவில்லைன்னு எழுதி விட்டுட்டேன்.

ஈஸ்டர் முடிஞ்ச கையோட அறிக்கை தயார். பதினாலு பக்கம். என் வீட்டம்மா ஜெபக்கனி வாங்கி வாசிச்சா. முப்பத்தோரு வருஷம் ஞாயிறு பள்ளியில சொல்லிக் குடுத்தவ. இந்த ஊர்ல பாதிப்பேர் 'இயேசு' எழுதப் படிச்சதே அவகிட்டதான். வாசிச்சு முடிச்சிட்டு, "இவங்க வீட்டுக்கெல்லாம் மறுபடி போவீங்களா?"ன்னு கேட்டா.

"எதுக்கு? விவரம்தான் எடுத்தாச்சே."

கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா.

இப்ப அறிக்கைன்னா கடைசியில பரிந்துரை வேணும்லா? அங்கதான் நான் மூளையச் செலவழிச்சேன். ஆட்களப் பிடிச்சு வைக்கணும்னா ஒரு கைப்பிடி வேணும். ஏசி, திரை, கறித் துண்டு இதெல்லாம் கைப்பிடி இல்ல. மாடிச் சபைக்காரன்கிட்ட இல்லாதது நம்மகிட்ட என்ன இருக்கு? யோசிச்சேன். கல்லறைத் தோட்டம்! அவன்கிட்ட பாட்டு இருக்கு, தீர்க்கதரிசனம் இருக்கு, எண்ணெய் இருக்கு. ஆறடி நிலம் இருக்கா? டயர் கடை மாடியில யாரப் புதைக்க முடியும்? ஆக, வேற சபைக்கு மூணு தடவை போனது உறுதியானா, பதிவேட்டுல இருந்து பேர் நீக்கம். பேர் இல்லைன்னா கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது.

மாசிலாமணி மேசையத் தட்டினார். "அண்ணாச்சி, ஓடி வருவானுவ பாருங்க"ன்னார்.

ஐயர் மட்டும் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஐயா, உயிரோட இருக்கையில வர மனசில்லாதவங்களச் செத்த பிறகு வான்னு கூப்பிடுறது தக்கவைப்பா?"ன்னார்.

"நீங்க சின்ன வயசு ஐயரே, சாவு உங்களுக்குத் தூரம். எங்க வயசுல கேட்டுப் பாருங்க"ன்னேன்.

ஓட்டுக்கு விட்டோம். ஒம்பதுக்கு மூணு. ஜெயிச்சோம்.

சட்டம் போட்டா அமல் செய்ய ஆள் வேணும். யார் மூணு தடவை போறான்னு யார் பாக்கது? மாசிலாமணிக்கு மறுபடி வயித்துவலி. அதான் தம்பி, நான் இந்த டீக்கடைக்கு வர ஆரம்பிச்சது. இந்தப் பெஞ்சுதான். இங்க இருந்து பாத்தா படிக்கட்டு நல்லாத் தெரியும். ஜூன் மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கெல்லாம் வந்து நோட்ட விரிச்சிருவேன். தேதி, பேர், எத்தனாவது தடவை. அவங்களும் என்னையப் பாத்து ஒளியல பாத்துக்கிடுங்க. சிலபேர் "வணக்கம் சார்"னு கை காட்டிட்டு ஏறுவாங்க. அந்தப் பாஸ்டர் ஒருநாள் இறங்கி வந்து, "வெயில்ல இருக்கியளே ஐயா, மேல ஃபேன் இருக்கு, உட்கார்ந்தே எழுதலாமே"ன்னார். கிண்டலா, நிஜமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

ஜூலை மாசம் மூணாவது ஞாயிறு. குடையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் வாராங்க. ஒண்ணு பாக்கியசீலி டீச்சர். இன்னொண்ணு யாருன்னு உத்துப் பாக்கேன், குடை எங்க வீட்டுக் குடை.

ஜெபக்கனி படியேறப் போகல. நேரா ரோட்டக் கடந்து, இந்தா இங்கதான், என் முன்னால வந்து நின்னா.

"எழுதிக்கிடுங்க"ன்னா. "நீங்க நாசரேத்துல கலியாணத்துக்குப் போயிருந்தப்ப ஒண்ணு, காய்ச்சல்ல படுத்திருந்தப்ப ஒண்ணு. இது மூணாவது."

அப்படியே திரும்பி மாடியேறிட்டா. டீ மாஸ்டர் டீய ஆத்துறத நிப்பாட்டிட்டுப் பாக்கான். நான் என்ன செய்ய? பேனா கையில இருந்துச்சு. எழுதினேன்.

வீட்ல வந்து கேட்டேன். சத்தம் போட்டேன்னே வச்சுக்கிடுங்க. "செயலாளர் பெண்டாட்டி போற இடமா அது? உனக்கு அங்க அப்படி என்ன குடுத்துட்டாங்க? கஞ்சியா?"

"எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க"ன்னா.

"கேட்டா?"

"ஒரு மகள்னு சொன்னேன். பேர் கேட்டாங்க. சொன்னேன். அவ பேரச் சொல்லி ஜெபம் பண்ணினாங்க. ஏழு வருஷமா அவ பேர ஒருத்தர் வாயால நான் கேக்கல."

அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு தம்பி. பெருசா ஒண்ணுமில்ல. எங்களுக்கு ஒரு மகள் உண்டு. ஓசூர்ல இருக்கா. கூட வேலை பாக்கிற பையனக் கட்டிக்கிட்டா, வேற மதம். அவன் நல்ல பையன்தான், ஞானஸ்நானம் எடுத்துக்கிடுதேன், கோயில்ல வச்சே தாலி கட்டுதேன்னுதான் வந்து நின்னான். ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. பன்னிரண்டு வகுப்புக்கு வரணும். ஓசூர்ல இருந்து வார லீவுல பஸ் ஏறி வந்துட்டுப் போனான், ஒம்பது வகுப்பு வந்தான். மூணு குறைஞ்சிட்டு. அப்ப இருந்த ஐயர், "பரவாயில்ல செயலாளரே, விட்டுருவோம்"னார். நான் விடல. ஊருக்கு ஒரு நியாயம், செயலாளர் மகளுக்கு ஒரு நியாயமா? அவங்க ரிஜிஸ்தர் ஆபீஸ்ல முடிச்சிக்கிட்டாங்க. நான் போகல. இவளையும் போக விடல. அதுக்குப் பிறகு எங்க வீட்ல அந்தப் பேச்சு கிடையாது. கோயில்லயும் யாரும் எடுக்க மாட்டாங்க, என் மேல அவ்வளவு மரியாதை.

இதுக்கும் இவ மாடிச் சபைக்குப் போறதுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்களே சொல்லுங்க.

ஆகஸ்ட் மாசக் கமிட்டியில நீக்கல் பட்டியல் வாசிக்கணும். முப்பத்துநாலு பேர். முப்பத்துமூணு வாசிச்சாச்சு. அடுத்த பேருக்கு வாயத் திறக்கேன், மாசிலாமணி என் காதுல குனிஞ்சு, "அண்ணாச்சி, அத விட்ருங்க. யாரும் கேக்க மாட்டாங்க"ங்கார். ஐயரும் பாக்கார். "ஐயா, பட்டியல் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க, எழுதிக்கிடுவோம்"ங்கார். எல்லாருக்கும் என் மேல இரக்கம்!

நான் எழுந்து நின்னே வாசிச்சேன். "முப்பத்துநாலு. திருமதி ஜெபக்கனி ஞானாபரணம்."

நான் நினைச்சேன், நேர்மைன்னா இதுடான்னு எல்லாரும் மலைச்சுப் போயி இருக்காங்கன்னு. ஐயர் பதிவேட்ட மூடிட்டு ஜெபம் பண்ணாமலே எழுந்து வெளிய போயிட்டார். ஜெபம் பண்ணாம கமிட்டி கலைஞ்சது எங்க கோயில் சரித்திரத்துல அதுதான் முதல் தடவை. அதையும் நடவடிக்கைப் புஸ்தகத்துல குறிச்சு வச்சிருக்கேன்.

ஓடி வருவாங்கன்னார்லா மாசிலாமணி? ஒருத்தர் வரல. ரூபன் அம்மா மட்டும் வந்தாங்க. பாட்டுப் புஸ்தகத்த என் கையில குடுத்து, "இது கோயில் சொத்து சார், முதல் பக்கத்துல முத்திரை இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீக்கப்பட்டவங்க அண்ணன், தம்பி, மாமன், மச்சான்னு சத்தமில்லாம இன்னொரு நாப்பது குடும்பம் வாறத நிப்பாட்டிட்டு. சொல்லுதேன்னேன்லா, இப்போ உள்ள கணக்கு? நூத்திப் பதினெட்டு. தக்கவைப்புக் குழு ஆரம்பிக்கும்போது நூத்தி அம்பத்தெட்டு. பாருங்க, குழு மட்டும் இல்லைன்னா இன்னும் எவ்வளவு குறைஞ்சிருக்கும்!

வீட்டுல ஜெபக்கனி சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. தோசை வச்சா. சட்னி ஊத்தினா. ஊத்திக்கிட்டே கேட்டா, "அப்ப நான் செத்தா எங்க வைப்பீங்க?"

நான் அத யோசிக்கல தம்பி. முப்பத்துமூணு பேருக்கு யோசிச்சேன், இதுக்கு யோசிக்கல. "பாக்கலாம்"னேன்.

"பாத்து வைங்க. நான் அதுக்குள்ள பிள்ளையப் பாத்துட்டு வந்துருதேன்"னா.

பகடின்னு நினைச்சேன். அறுப்பின் பண்டிகை, அதான் எங்க கோயில் அறுவடைத் திருநாள், முடிஞ்ச மறுநாள் காலையில பையத் தூக்கிட்டா. பாக்கியசீலி டீச்சர்தான் பஸ் ஏத்தி விட்டிருக்காங்க. மேசையில அவ தைராய்டு மாத்திரை இருந்த இடத்துல என் பிரஷர் மாத்திரைய எடுத்து வச்சிருந்தா, வாரத்துக்கு ஏழுன்னு கத்தரிச்சு. அது ஒரு மாசத்துக்குத்தான் இருந்துச்சு.

அந்த அறுப்பின் பண்டிகையையும் கேளுங்க. அறுநூறு பேருக்கு அசனம் வடிச்சாச்சு. வந்தது இருநூறு. அண்டா அண்டாவாச் சோறு நிக்கி. ஐயர் என்ன செஞ்சார் தெரியுமா? அங்கியக் கழட்டி மடிச்சு வச்சிட்டு, ஒரு டெம்போவப் பிடிச்சு, சோறு குழம்பு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு நீக்கல் பட்டியல்ல உள்ள வீடு வீடாப் போயிட்டார். நான் டெம்போவ மறிச்சேன். "ஐயரே, பதிவேட்டுல பேர் இல்லாதவங்க அவங்க"ன்னேன்.

"சோத்துக்கு நீங்க சட்டம் எழுதலையே ஐயா"ன்னுட்டு வண்டிய எடுக்கச் சொல்லிட்டார்.

கீழத்தெருவுல இறங்கி, கரண்டிய அந்தப் பெரியவர் கையில குடுத்து, "நீங்க பரிமாறுங்க, நான் இலை எடுக்கேன்"னாராம். எடுத்தும் இருக்கார். மறுவாரம் அந்தத் தெருவுல இருந்து பதினோரு பேர் கோயிலுக்கு வந்தாங்க. நடுப் பெஞ்சுல உட்கார வச்சார். பிறகு கமிட்டியக் கூட்டி நீக்கலையும் ரத்து பண்ணிட்டாங்க, குழுவையும் கலைச்சிட்டாங்க. ரெண்டையும் முன்மொழிஞ்சது யாருங்கிய? மாசிலாமணி. அன்னைக்கு வயித்துவலி இல்ல. குழுவுக்குத் தெரிவிக்காம, ஒரு தீர்மானம் இல்லாம, குழம்பு வாளியத் தூக்கிட்டுப் போயி ஆள் சேத்தா அதுக்குப் பேர் தக்கவைப்பா தம்பி? முறைன்னு ஒண்ணு வேண்டாமா?

அப்ப குழுவும் இல்ல, பட்டியலும் இல்ல, இன்னும் ஏன் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்னு கேக்கிய. கேக்கலியா? முகத்துல தெரியுது.

டீ நல்லாருக்கும், அதான். அதுவும் போக, ஜெபக்கனி ஞாயித்துக்கிழமை டீச்சருக்குப் போன் பண்ணுவா. கூட்டம் முடிஞ்சு அவங்க இறங்கி வரும்போது என்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போவாங்க. நான் கேக்க மாட்டேன். அவங்களாச் சொல்லுவாங்க. "ஓசூர்ல குளிராம் சார், ஜெபக்கனி அக்கா ஸ்வெட்டர் வாங்கிட்டாங்களாம்." "பேத்திக்கு அஞ்சு வயசு முடிஞ்சிட்டாம் சார், கேக் வெட்டினாங்களாம்." பேத்தி இருக்கான்னே எனக்கு அப்பத்தான் தெரியும். இவளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு போல. "மருமகன் அங்க ஒரு கோயிலுக்குப் போறாராம் சார், மிச்சம் மூணு வகுப்பையும் அங்க முடிச்சிட்டாராம்." அதையும் சொன்னாங்க. நல்லதுதான்னேன். முறைப்படி முடிச்சதுல எனக்குச் சந்தோசம்.

போன ஞாயிறு டீச்சர் இறங்கி வாராங்க, போன காதுல வச்சுக்கிட்டே. நேரா என்கிட்ட வந்து நீட்டிட்டாங்க. "பேசுங்க சார், அக்காதான்"னாங்க. வாங்கிட்டேன். ரோட்ல வச்சு வாங்க மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

"சாப்பிட்டீங்களா?"ன்னா.

"ம்"ன்னேன்.

"மாத்திரை?"

"ம்."

அப்புறம் அந்தப் பக்கம் என்னமோ குசுகுசுன்னு பேச்சு. போன் கை மாறுது. நான் எதிர்பாக்கல. "அப்பா"ன்னு ஒரு குரல். "அப்பா, நான் ஷெர்லின். கேக்குதாப்பா?"

ஏழு வருஷம் தம்பி. கொஞ்சம் தடிச்சிருக்கு குரல். பிள்ளை பெத்தவல்லா.

நான் டீச்சர் கையில போனத் திருப்பிக் குடுத்து, "சிக்னல் கிடைக்கல டீச்சர்"னு சொல்லிட்டேன். நாலு கோடும் முழுசா இருந்துச்சு. டீச்சரும் பாத்தாங்க. பாத்துட்டு, "சரி சார், அடுத்த வாரம் கிடைக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பாட்டு நின்னுட்டே. இன்னைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்? எழுந்திரிங்க, போங்க, அம்மா படியில தனியா இறங்கிருவாங்க. பாத்துப் பிடிங்க, மூணாவது படி உடைஞ்சிருக்கும். போறதுக்கு முன்னால ஒரு உதவி தம்பி. அந்தா, பச்சைச் சேலை, டீச்சர்தான வாறது? எனக்குத் தூரப் பார்வை அவ்வளவா இல்ல.

கையில போன் இருக்கா, பாருங்க.